வெயிட் மிஷினும் மாடி பஸ் கண்டக்டரும்

ரெண்டு மாசம் முன்னாடி டாக்டர் என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் புரட்டிட்டு, "நடக்க ஆரம்பிங்க. இல்லைன்னா அடுத்த வருஷம் மாத்திரை எழுத வேண்டியிருக்கும்"னார். அவர் இப்படிச் சொல்றது இது மூணாவது தடவை. முதல் ரெண்டு தடவையும் நான் ஆரம்பிச்ச விதம் ஒண்ணுதான். புது ஷூ, அஞ்சு மணி அலாரம், முதல் நாளே மைதானத்தைச் சுத்தி மூச்சிரைக்க நாலு சுத்து ஓட்டம், அப்புறம் தினமும் காலையில வெயிட் மிஷின். மூணு வாரமா முள் அசையலை. ஷூ பரணுக்குப் போயிடுச்சு.

இந்தத் தடவை ஓடறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிச்சேன். (ஓடாம இருக்க அதுவும் ஒரு வழிதானே :-)) உடம்பு இளைக்கணும், பயிற்சி செய்யணும்னு நமக்கு முன்னாடி கிளம்பினவங்க என்ன பாடு பட்டாங்கன்னு தேடினப்போ, லண்டன்ல வாழ்ந்த ரெண்டு பேர் கிடைச்சாங்க. நான் எங்கே தப்பு பண்ணினேன்னு புரிய வெச்சது அவங்கதான்.

முதல் ஆள் வில்லியம் பாண்டிங். இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்யற தொழில். அரச குடும்பத்துக்கே அந்த வேலை செஞ்ச பெரிய குடும்பம். 1862-ல அவருக்கு வயசு 66, உயரம் அஞ்சடி அஞ்சு அங்குலம், எடை 202 பவுண்ட், அதாவது கிட்டத்தட்ட 92 கிலோ. குனிஞ்சு ஷூ கயிறு கட்ட முடியாது. முட்டி வலிக்கும்னு மாடிப்படியில பின்பக்கமாத் திரும்பித்தான் இறங்குவாராம்.

மனுஷன் சும்மா இருந்துடலை. பல வருஷம் முன்னாடியே ஒரு டாக்டர் சொன்னார்னு கனமான ஒரு படகை வாங்கி, விடியற்காலையில ரெண்டு மணி நேரம் துடுப்பு போட்டிருக்கார். கை கால்ல வலு ஏறிச்சு. கூடவே அசுரப் பசியும் வந்துச்சு. பசிக்குச் சாப்பிட்டார், எடை கூடிடுச்சு. கடைசியில அதே டாக்டர், "படகை விட்டுடுங்க"ன்னுட்டார். இதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வரலை. ஓடி முடிச்சு வர்ற வழியில நான் சாப்பிட்ட நெய் பொங்கலும் வடையும்தான் ஞாபகம் வந்துச்சு.

பாண்டிங்குக்கு வழி கிடைச்சது வேற இடத்துல. காது சரியாக் கேக்கலைன்னு வில்லியம் ஹார்வின்னு ஒரு காது டாக்டர்கிட்ட போனார். அவர் ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னார். ஒரு வருஷத்துல 46 பவுண்ட், சுமார் 21 கிலோ குறைஞ்சது. அந்த அனுபவத்தை 1863-ல சொந்தக் காசுல சின்னப் புத்தகமா அச்சடிச்சு, முதல்ல இலவசமாவே கொடுத்தார். அந்தக் காலத்துப் பதிவர்! ஸ்வீடன்ல இன்னைக்கும் உணவைக் குறைச்சு இளைக்கறதுக்கு 'பாண்டா'ன்னுதான் பேர். அவர் பேர்லேர்ந்து வந்த சொல் அது. (அவர் சாப்பாட்டுப் பட்டியலை அப்படியே காப்பி அடிக்காதீங்க. அதுல தினமும் பல கிளாஸ் ஒயின் இருக்கு.)

அப்போ பயிற்சியே தண்டமா? இங்கேதான் ரெண்டாவது ஆள் வர்றார்: ஜெர்ரி மோரிஸ். ரெண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டன்ல மாரடைப்பு கூடிக்கிட்டே போச்சு. ஏன்னு யாருக்கும் சரியாத் தெரியலை. மோரிஸும் கூட இருந்தவங்களும் லண்டன் போக்குவரத்துல வேலை பார்த்த சுமார் 31,000 ஆண்களோட பதிவேடுகளை எடுத்துக்கிட்டாங்க. லண்டன் பஸ்ஸுக்கு ரெண்டு மாடி. டிரைவர் நாள் பூரா உக்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க ஒரு நாளைக்கு 500-லேர்ந்து 750 படி ஏறுவார். ஒரே பஸ், ஒரே புகை. ஆனா டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு ரொம்பக் கம்மி. வந்தாலும் தாமதமா வந்துச்சு, அதுல உயிர் போறதும் குறைவு. நடந்து கடிதம் கொடுக்கற தபால்காரருக்கும், உக்கார்ந்து வேலை பார்க்கற தபால் ஆபீஸ் ஊழியருக்கும் நடுவுலயும் இதே மாதிரி வித்தியாசம். 1953-ல இது 'லான்செட்' இதழ்ல வந்தது.

"டிரைவர் வேலைக்கு வர்றவங்களே குண்டா இருந்திருக்கலாமே?"ன்னு நீங்க கேக்கலாம். மோரிஸும் கேட்டார். பதிலைத் தேடி எங்கே போனார் தெரியுமா? யூனிஃபார்ம் தைச்ச கணக்குக்கு! பேன்ட் இடுப்பளவைப் பார்த்தா, வேலைக்குச் சேர்றப்பவே டிரைவர்களுக்கு இடுப்பு பெரிசு. தன் முடிவுக்கே சிக்கல் கொடுக்கற அந்த விஷயத்தையும் 1956-ல மறைக்காம வெளியிட்டாங்க. ஆனா அதே இடுப்பளவைத் தொடர்ந்து ஆராய்ஞ்சப்போ இன்னொண்ணு தெரிஞ்சுது. ஒல்லியோ தொப்பையோ, கண்டக்டருக்கு ஆபத்து கம்மிதான். தொப்பை இருந்தும் படி ஏறினவருக்குப் பலன் கிடைச்சிருக்கு.

இந்த இடத்துலதான் எனக்கு மண்டையில உறைச்சுது. எடை ஒரு கணக்கு, பயிற்சி வேற கணக்கு. ரெண்டும் சொந்தக்காரங்கதான், ஆனா ஒரே பாஸ்புக் கிடையாது. தட்டுல கை வைக்காம, பயிற்சிக் கணக்குல போட்ட காசை எடைக் கணக்குல தேடிப் பார்த்துட்டு, "வரவே இல்லை"ன்னு ரெண்டு தடவை கணக்கையே மூடினவன் நான்.

அடுத்த கேள்வி: எவ்வளவுல ஆரம்பிக்கறது? எல்லாரும் சொல்ற 10,000 அடி இருக்கே, அது எந்த ஆஸ்பத்திரியிலயும் பிறந்தது இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிஞ்ச சூட்டோட, 1965-ல ஒரு ஜப்பான் கம்பெனி இடுப்புல மாட்டிக்கற அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பேர் 'மான்போ கெய்', பத்தாயிரம் அடி மீட்டர்னு அர்த்தம். வியாபாரப் பேர்தான் விதியாயிடுச்சு. 2019-ல வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, சராசரியா 72 வயசான சுமார் 16,700 பெண்களைக் கவனிச்சாங்க. நாளைக்கு சுமார் 2,700 அடி நடந்தவங்களைவிட 4,400 அடி நடந்தவங்களுக்கு இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. 7,500-க்கு மேல பெரிய கூடுதல் லாபம் தெரியலை. அது அந்த வயசுப் பெண்களோட கணக்கு. ஆனா பத்தாயிரம் முடியலைன்னு சோபாவுலயே உக்கார வேண்டியதில்லைங்கறதுக்கு இது போதும்.

ஓடியே தீரணும்னு இருக்கறவங்களுக்கும் வழி உண்டு. 1996-ல ஜோஷ் கிளார்க்னு ஒரு அமெரிக்க இளைஞர், ஐம்பதைத் தாண்டின தன் அம்மா மாதிரி ஆட்களை மனசுல வெச்சு 9 வாரத் திட்டம் ஒண்ணு போட்டார். வாரத்துக்கு மூணு நாள்தான். முதல் வாரம் 60 நொடி மெதுவான ஓட்டம், 90 நொடி நடை, இதையே மாத்தி மாத்தி 20 நிமிஷம். அறுபதே நொடி! முதல் நாளே நாலு சுத்து ஓடின என் வீரத்தை நினைச்சா இப்ப வெட்கமா இருக்கு.

இப்போ என் கதை: காலையில இருபது நிமிஷம் நடை. ஆபீஸ்ல லிஃப்ட் கிடையாது, மூணு மாடியும் படிதான். ராத்திரி சாதத்துல ஒரு கரண்டி குறைச்சாச்சு. அது பாண்டிங் கணக்கு. வெயிட் மிஷின்ல வாரம் ஒரு தடவைதான் ஏறறேன். ரெண்டு மாசத்துல ஒண்ணரை கிலோ. பெருமைப்பட ஒண்ணுமில்லைதான். ஆனா முதல் வாரம் ரெண்டாவது மாடியிலயே நின்னு மூச்சு வாங்கினவன், இப்ப போன்ல பேசிக்கிட்டே மூணாவது மாடிக்குப் போறேன். அந்த வரவை மிஷின் காட்டாது.

மோரிஸ் 2009-ல காலமானார். 99 வயசு வரைக்கும் வாழ்ந்த மனுஷன். உங்க ஷூவும் பரண்ல இருந்தா, இறக்கித் தூசி தட்டி வைங்க. நாளைக்கு இருபது நிமிஷம் போதும். நெஞ்சு வலி, முட்டி வலி, சர்க்கரைன்னு ஏதாவது இருந்தா மட்டும் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கிளம்புங்க. வர்ற வழியில பொங்கல் கடைப் பக்கம் திரும்பாதீங்க. அனுபவஸ்தன் சொல்றேன்.