முறைவழியாக்கியின் வேகமும் வெப்பமும்

கணினியின் வரலாற்றை எழுதுவோர் புதியன கண்டவர்களின் பெயர்களையும் அவர்தம் கம்பனிகளின் ஏற்றத்தாழ்வுகளையும் விரித்துரைப்பர். விலைகொடுத்து வாங்கிய பொருளைத் தம் மேசைமீது திறந்துவைத்து, அதன்மேற் பொறிக்கப்பட்ட வேகத்தை மீற முயன்றோரைப் பற்றி அவர்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. கணினியின் மூளையெனத்தக்க முறைவழியாக்கியை, அதற்கென விதிக்கப்பட்ட மீடிறனுக்கு மேலாக இயக்கும் இம்முயற்சி 'ஓவர்குளொக்கிங்' எனப்படும். மிகைவேகமூட்டல் என ஈண்டு அது குறிக்கப்படும். நாற்பது ஆண்டுகளாக நடைபெற்றுவரும் இம்முயற்சியின் வரலாறு ஒரு வினாவையே சுற்றி வருகின்றது. பொறிக்கப்பட்ட வேகத்துக்கும் இயலும் வேகத்துக்கும் இடையிலுள்ள மிச்சம் யாருக்கு உரியது? செய்தவனுக்கா, வாங்கியவனுக்கா?

அம்மிச்சம் எவ்வாறு தோன்றுகின்றது என்பதை முதலில் நோக்கல் வேண்டும். ஒரே சூளையிற் சுடப்பட்ட பானைகள் யாவும் ஒரே திண்மையுடையனவாக இருப்பதில்லை. அவ்வாறே ஒரே சிலிக்கன் தகட்டிலிருந்து அறுத்தெடுக்கப்படும் சில்லுகளுட் சில விரைந்து இயங்கும், சில தயங்கும். உற்பத்தியாளர் அவற்றைச் சோதித்துத் தரம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகத்தைப் பொறிப்பர். வெப்பம் மிகுந்த அறையிலும் குறைந்த தரமுடைய மின்வழங்கியிலும் பல்லாண்டுகள் பிழையின்றி இயங்கவேண்டுமாதலின், அவ்வேகம் சற்றுக் குறைத்தே பொறிக்கப்படும். இதுவரை அறிவியல். ஆனால் உற்பத்தி முறை முதிர்ச்சியடைந்தபின் பெரும்பாலான சில்லுகள் உயர்தரமாகவே அமைந்துவிட, சந்தையோ மலிவானவற்றையே மிகுதியாகக் கேட்கும். அந்நிலையில் உயர்ந்த சில்லும் தாழ்ந்த முத்திரையுடன் விற்பனைக்கு வரும். இது வாணிகம். பொறிக்கப்பட்ட எண்ணில் இவ்விரண்டும் கலந்திருப்பினும், எது எவ்வளவு என்பதை வாங்குபவன் அறியான்.

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியின் வேகம் 4.77 மெகாஹேட்சு. 14.318 மெகாஹேட்சில் அதிரும் குவாட்சுப் பளிங்கொன்றின் மீடிறனை மூன்றால் வகுத்து அது பெறப்பட்டது. தொலைக்காட்சியின் நிறச் சமிக்கைக்கும் அதே பளிங்கே பயன்பட்டமையால், அதனை மாற்றுதல் எளிதன்று. 1984இல் வந்த 'ஏ.ரி.' எனும் கணினியிலோ முறைவழியாக்கிக்கெனத் தனிப் பளிங்கு இருந்தது. 12 மெகாஹேட்சுப் பளிங்கு 6 மெகாஹேட்சு வேகத்தை அளித்தது. அதனைக் கழற்றி 16 அல்லது 18 மெகாஹேட்சுப் பளிங்கைச் செருகினால் கணினி 8 அல்லது 9 மெகாஹேட்சில் இயங்கிற்று. சில டொலர் விலையுள்ள சிறு பொருளொன்று பல்லாயிரம் டொலர்க் கணினியை விரைவுபடுத்திற்று. ஐ.பி.எம். கம்பனி இதனை விரும்பவில்லை. பின்னர் வந்த ஏ.ரி. கணினிகளின் நிலையான நினைவகத்தில் வேகத்தை அளந்து பார்க்கும் நிரலொன்று சேர்க்கப்பட்டது. விதித்ததிலும் விரைவாக ஓடும் கணினி தொடங்க மறுத்தது. மிச்சத்தின்மீது உற்பத்தியாளர் இட்ட முதற் பூட்டுகளுள் இஃதொன்று எனலாம்.

1992இல் இன்ரெல் கம்பனி வெளியிட்ட 486 டி.எக்ஸ்.2, தாய்ப்பலகையின் மீடிறனை உள்ளே இருமடங்காக்கிக்கொண்டது. இதன்பின் வேகம் என்பது பலகையின் மீடிறனையும் ஒரு பெருக்கியையும் பெருக்கிவரும் எண்ணாயிற்று. இவ்வசதியைக் கயவரும் கண்டுகொண்டனர். குறைந்த வேகச் சில்லின் எழுத்தை அழித்து உயர்ந்த எண்ணைப் பொறித்து விற்கும் மோசடி தொண்ணூறுகளிற் பெருகிற்று. இன்ரெல் கம்பனி 1998 அளவிற் பெருக்கியைப் பூட்டியமைக்கு இது நியாயமான காரணமே. எனினும் பொய்ம்முத்திரை குத்தியவனையும், தன் உடைமையைத் தானே திருத்தியவனையும் அப்பூட்டு வேறுபடுத்தவில்லை.

பெருக்கி பூட்டப்பட்டபோதும் பலகையின் மீடிறன் திறந்தே கிடந்தது. இவ்வழியாற் புகழ்பெற்றது 1998 ஓகத்தில் வெளிவந்த 'செலரோன் 300ஏ' ஆகும். அதன் கதை விரித்துரைக்கத்தக்கது. அவ்வாண்டு ஏப்பிரலில் வந்த முதற் செலரோனில் இரண்டாம் நிலைப் பதுக்கு நினைவகம் அறவே இல்லை. ஆகவே அது ஏளனத்துக்கு உள்ளாயிற்று. அக்குறையை நீக்க, 300ஏயில் 128 கிலோபைற்றுப் பதுக்கு நினைவகம் சில்லினுள்ளேயே அமைக்கப்பட்டு முழு வேகத்தில் இயங்கிற்று. விலையுயர்ந்த பென்ரியம் 2இலோ அந்நினைவகம் 512 கிலோபைற்றாயினும், தனிச் சில்லுகளில் அரைவேகத்திலேயே இயங்கிற்று. வேகத்தை உயர்த்த முயன்றால் முதலில் அச்சில்லுகளே தடுமாறும். மலிவான பொருளில் அத்தடை இல்லாது போனது உற்பத்தியாளர் எதிர்பாராத விளைவாகும்.

300ஏயின் பெருக்கி 4.5, பலகையின் மீடிறன் 66. அதனை 100 ஆக்கினால் வேகம் 450 மெகாஹேட்சாகும். சிலர் மீடிறனை 75 எனவும் 83 எனவும் படிப்படியாக உயர்த்தினர். ஆனால் வன்றட்டு முதலியவற்றை இணைக்கும் பாட்டையின் மீடிறன் 33ஆக இருத்தல் வேண்டும். 83இன் பாதி அதனை வெகுவாக மிஞ்சுதலின் தரவுகள் சிதைந்தன. 100க்கென அமைந்த பலகைகளோ அதனை மூன்றால் வகுத்து மீண்டும் 33ஐத் தந்தன. ஆகவே பெரும் பாய்ச்சல் சிறு அடிகளிலும் பாதுகாப்பானதாயிற்று. வேகத்தைத் தெரிவுசெய்ய இடந்தராத பலகை வைத்திருந்தோர், சில்லுப் பலகையின் பி21 எனும் தொடுமுனையை ஒட்டுநாடாவால் மறைத்து அதே பயனைப் பெற்றனர். அன்றைய உயர்ந்த பென்ரியம் 2இன் வேகமும் 450 மெகாஹேட்சே.

வேகம் உயர்ந்தால் வெப்பமும் உயரும். சில்லொன்று செலவிடும் வலு மீடிறனுக்கு நேர்விகிதமாகவும், வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாகவும் அமையும். மீடிறன் ஒன்றரை மடங்காகி, அதனைத் தாங்கும் பொருட்டு வோல்ற்றளவு 2.0இலிருந்து 2.2ஆக உயர்த்தப்படின், வலு 1.8 மடங்காகும். அவ்வெப்பம் செட்டைகள் பொருந்திய உலோக வெப்பமகற்றியூடாக வெளியேறுதல் வேண்டும். இங்கேதான் வெப்பப் பசையின் பணி தொடங்குகின்றது.

கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும் உலோகப் பரப்பும் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாகவே தெரியும். இரு பரப்புகளை ஒன்றோடொன்று அழுத்தினால் மேடுகள் மட்டுமே தொடும். பள்ளங்களில் வளி தங்கும். செம்பின் வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ 400 அலகு; வளியினதோ 0.026. சிலிக்கோன் எண்ணெயில் நாகவொட்சைட்டு, அலுமினியம், வெள்ளி போன்றவற்றின் தூளைக் குழைத்துச் செய்யும் பசை ஐந்து அலகளவே கடத்தும். பார்வைக்கு இஃது அற்பமே. ஆனால் 3 சதமமீற்றர்ப் பக்கமுள்ள சதுரத்தினூடாக 100 உவாற்று செல்வதாகவும், இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் இருபதிலொரு பங்கு எனவும் கொண்டு கணித்தால் உண்மை விளங்கும். அவ்விடைவெளி முழுதும் வளியாயின் ஈரற்றத்திற்கும் இடையே 200 பாகைக்கு மேல் வேறுபாடு தோன்றும். பசையாயின் ஏறத்தாழ ஒரு பாகையே. அப்பசையையே ஒரு மில்லிமீற்றர் தடிப்பிற் பூசினால் வேறுபாடு 22 பாகையாகிவிடும். பாணுக்கு வெண்ணெய் தடவுவதுபோல் அப்புவோர் இக்கணக்கை மறந்தவராவர். பழைய பசையை ஐசோப்புரப்பைல் அற்ககோலால் துடைத்தகற்றி, நடுவே ஒரு கடலையளவு புதுப்பசை இட்டு, திருகாணிகளை மூலைவிட்டமாக மாறிமாறி முடுக்கினால் அழுத்தமே அதனைப் பரப்பிவிடும். பசை வளியை வெளியேற்றுவதற்கேயன்றி உலோகத்துக்கு மாற்றாவதற்கன்று.

2000ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. கம்பனியின் 'அத்லோன்' சில்லிற் பெருக்கியின் பூட்டு, மேற்பரப்பில் வெட்டப்பட்ட சில நுண்ணிய செப்புப் பாலங்களாகவே இருந்தது. எழுதுகோலால் அவ்விடைவெளிகளைத் தேய்த்தால், காரீயம் மின்னைக் கடத்திப் பூட்டு திறந்தது. இலங்கையின் போகலச் சுரங்கத்தில் அகழப்படும் அதே கனிப்பொருள் ஒரு பெருங் கம்பனியின் பூட்டுக்குத் திறவுகோலானமை சுவையான செய்தியே. அடுத்த ஆண்டு வந்த சில்லுகளில் அவ்விடங்கள் குழிகளாக்கப்பட்டன.

அவ்வாண்டு மார்ச்சு 6ஆந் திகதி ஏ.எம்.டி.யும் 8ஆந் திகதி இன்ரெலும் 1000 மெகாஹேட்சு எல்லையை எட்டியதாக அறிவித்தன. போட்டி அத்துடன் நிற்கவில்லை. யூலை இறுதியில் இன்ரெல் 1.13 கிகாஹேட்சுப் பென்ரியம் 3ஐ வெளியிட்டது. சில நிரல்களை அது பிழையின்றி நிறைவேற்றவில்லை எனச் சுதந்திர ஆய்வாளர்கள் காட்டியபின், ஓகத்து இறுதியில் அதனை மீளப்பெற்றது. உபயோகிப்பாளரை எச்சரித்துவந்த கம்பனி, தானே தன் சில்லை எல்லைமீறி விற்ற கதையாக இதனைக் கொள்ளலாம்.

பின்னர் வெப்பமே வழியை மறித்தது. 2004இல் வெளிவந்த 90 நனோமீற்றர்ப் பென்ரியம் 4இன் வெப்ப வரம்பு 115 உவாற்று வரை சென்றது. சில்லின் பரப்போ ஒரு சதுர சதமமீற்றருக்குச் சற்றே மேல். அடுக்களையின் மின்னடுப்பும் ஓரலகுப் பரப்பில் இவ்வளவு வெப்பம் தருவதில்லை. 4 கிகாஹேட்சுச் சில்லை விற்கும் திட்டத்தை இன்ரெல் அவ்வாண்டிலேயே கைவிட்டது. இதன்பின் மிச்சத்தை முறைவழியாக்கி தானே பயன்படுத்தத் தொடங்கிற்று. 2008இல் அறிமுகமான 'ரேபோ பூஸ்ற்' முறையில், வெப்பமும் வலுவும் இடந்தரும்வரை சில்லு தன் வேகத்தைத் தானே உயர்த்திக்கொள்ளும். 2011 முதலாகப் பலகை மீடிறனை உயர்த்தும் பழைய வழியும் பெரும்பாலும் அடைபட்டது. கே எனும் எழுத்துடைய, விலை சற்று மிகுந்த சில்லுகளின் பெருக்கியே திறந்துவிடப்பட்டது. முன்பு இலவசமாகக் கிடைத்த உரிமைக்கு விலை குறிக்கப்பட்டது எனின் மிகையன்று.

அவ்விலையைக் கொடுத்தவர்களும் 2012இல் ஏமாற்றமடைந்தனர். சில்லுக்கும் அதன் உலோக மூடிக்கும் இடையே முன்னர் இருந்த பற்றாசை நீக்கி, சாதாரணப் பசையை இன்ரெல் இட்டது. வெப்பநிலை உயர்ந்தது. துணிந்தோர் சவர அலகால் மூடியை அறுத்தெடுத்து ஆராய்ந்தபோது, பசையின் தரத்திலும், மூடியை ஒட்டிய பிசின் உண்டாக்கிய இடைவெளியே பெருங்குற்றம் எனக் கண்டனர். அதனைச் சுரண்டி, கலியம் கலந்த திரவ உலோகத்தை இட்டோர்க்கு வெப்பநிலை பல பாகை குறைந்தது. அலுமினியத்தை அரிக்கும் இயல்புடையது அவ்வுலோகம் என்பதை அறியாதோர் தம் வெப்பமகற்றிகளை இழந்தனர். உயர்தரச் சில்லுகளுக்குப் பற்றாசு மீண்டது 2018இலேயே.

திரவ ஈலியத்தைப் பாய்ச்சி 2011இல் ஏ.எம்.டி. சில்லொன்றை 8.429 கிகாஹேட்சுக்கு உயர்த்தியமை போன்ற சாதனைகள் செய்தித்தாளுக்கு உகந்தவை. அன்றாடக் கணினிக்கு அவற்றாற் பெரும்பயன் இல்லை. அன்றாடக் கணினியைப் பாதித்தது 2024இன் நிகழ்ச்சியே. இன்ரெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் சில்லுகள் பல, அளவுக்கு மிஞ்சிய வோல்ற்றளவைத் தாமே கேட்டுப் பெற்று நாளடைவிற் பழுதுற்றன. அவற்றுள் ஒரு பகுதி, எவ்வித மிகைவேகமூட்டலும் செய்யாதோர் கையிலேயே பழுதுற்றது. ஓகத்து மாதத்திற் புதிய நுண்நிரலொன்று வழங்கப்பட்டது. மூன்றாண்டு உத்தரவாதம் ஐந்தாண்டாக்கப்பட்டது. இன்று கைதேர்ந்தோர் பலர் தம் கணினியின் அமைப்புப் பக்கத்தைத் திறப்பது வேகத்தைக் கூட்டுதற்கன்று, வோல்ற்றளவைக் குறைத்தற்கே.