வைஃபை வராத லினக்ஸும் ஒரு சாம்பிள் பனியனும்

லினக்ஸ் என்ற பெயர் எனக்கு அறிமுகமானது, எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் அங்கே சூசே லினக்ஸைக் கொண்டுவந்த செய்தி பத்திரிகைகளில் வந்தபோது. அதை நேரில் பார்த்தது 2012-இல்தான். மகள் வயிற்றுப் பேரனுக்கு அரசின் இலவச மடிக்கணினி கிடைத்தது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கியது. பேரன் அதைத் திறந்தே பார்க்கவில்லை. நான் பார்த்தேன், பிடித்துப்போனது. என் பழைய மடிக்கணினியிலும் டெபியன் வழி வந்த ஒரு லினக்ஸைப் போட்டேன். எல்லாம் வந்தது, வைஃபை மட்டும் வரவில்லை.

"அப்புச்சி, சுவிட்சைப் போட்டீங்களா?" என்றான் பேரன். சரியான கேள்விதான். பல மடிக்கணினிகளில் வைஃபைக்கென்றே ஒரு சுவிட்ச் உண்டு. ஆர்எஃப்கில் என்ற கட்டளை, எதுவும் அடைபடவில்லை என்றது. எல்எஸ்பிசிஐ கட்டளையில் கார்டின் பெயரும் வந்தது. அப்படியானால் கார்டு உயிரோடு இருக்கிறது. கெர்னலின் பதிவுகளைப் புரட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது: ஃபர்ம்வேர் கோப்பைக் காணோம்.

ஃபர்ம்வேர் என்பது, ஒவ்வொரு முறை கணினி கிளம்பும்போதும் கார்டின் சிப்புக்குள் ஏற்றப்படும் ஒரு சின்ன நிரல். அது ஏறாவிட்டால் கார்டு வெறும் தகரம். மூலநிரலைக் கார்டு நிறுவனம் தரவில்லை. கட்டற்ற மென்பொருள் அல்லாததை டெபியன் தனியாக ஒதுக்கி வைக்கும். அதை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு அது வேண்டும். கிணற்றில் விழுந்த கயிற்றை எடுக்க இன்னொரு கயிறு தேடும் கதை. கடைசியில் பென்டிரைவை எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு நடந்தேன். கோப்பைக் கொண்டுவந்து உரிய இடத்தில் வைத்து மறுபடி கிளப்பியதும் வைஃபை வந்துவிட்டது. நாலு நாள் போனது வேறு கதை.

அதற்குப் பிறகுதான் பழைய வரலாற்றைத் தேடிப் படித்தேன். பிராட்காம் சிப்புகளின் கதை என்னை உட்கார வைத்துவிட்டது. மடிக்கணினிகளில் பரவலாக இருந்த அந்தச் சிப்புகளுக்கு லினக்ஸ் பயனர்களின் கையில் டிரைவரும் இல்லை, சிப்பின் விவரக் குறிப்பும் இல்லை. விண்டோஸ் டிரைவரையே என்டிஐஎஸ்ராப்பர் மூலம் லினக்ஸில் ஓட்டிப் பார்த்தார்கள்.

பிறகு தன்னார்வலர்கள் இரண்டு அணியானார்கள். ஒரு அணி, நிறுவனத்தின் டிரைவரைப் பிரித்துப் பார்த்து, சிப்பு என்ன செய்கிறது என்று எழுதி வைத்தது. இன்னொரு அணி அந்தக் குறிப்பை மட்டும் படித்துப் புது டிரைவரை எழுதியது. நகல் எடுத்தார்கள் என்று யாரும் வழக்குப் போட முடியாது பாருங்கள்!

இது நமக்குப் புதிதா? பையர் ஒரு பனியனை மட்டும் கொடுத்து "இதே மாதிரி வேண்டும்" என்பார். விவரத் தாள் இருக்காது. ஜிஎஸ்எம் கட்டரில் வட்டமாக வெட்டி எடை போடுவோம். லென்ஸ் வைத்து இஞ்சுக்கு எத்தனை கண்ணி என்று எண்ணுவோம். நூலைப் பிரித்து கவுன்ட்டும் லூப் நீளமும் பார்ப்போம். நிட்டிங்காரர் கைக்கு நாங்கள் எழுதிய தாள்தான் போகும். முப்பது வருஷம் நான் பார்த்த வேலை அது. கண்ணி எண்ணும்போது ஒன்று தப்பினால் லாட் முழுக்கத் தப்பு; அவர்கள் எத்தனை இரவு விழித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்த டிரைவர் 2006-இல் கெர்னல் 2.6.17-இல் சேர்ந்தது. அதன் வாரிசான பி43, 2008 ஜனவரியில் 2.6.24-இல் வந்தது. அப்போதும் ஃபர்ம்வேரைப் பகிர அனுமதி இல்லை. நிறுவனத்தின் டிரைவரிலிருந்து அதை வெட்டியெடுக்கவே தனிக் கருவி எழுதினார்கள். 2008-இல் ஏத்தராஸ் தன் புதிய சிப்புகளுக்குத் திறந்த மூல டிரைவரை வெளியிட்டது. பிராட்காம் 2010 செப்டம்பரில்தான் இறங்கி வந்தது.

டெபியன்காரர்கள் 2022-இல் ஓட்டெடுத்து, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேரை நிறுவும் வட்டிலேயே சேர்த்தார்கள். கொள்கை தளர்ந்ததாகச் சிலருக்கு வருத்தம். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் பென்டிரைவோடு வெயிலில் நடந்தவன் என் ஓட்டு எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. பி43-க்கான பழைய கோப்புகள் மட்டும் அதிலும் இல்லை.

என் மடிக்கணினியில் போன மாதம் டெபியன் 12 போட்டேன். நிறுவும்போதே வைஃபை பாஸ்வேர்டு கேட்டது. அதுதான் மறந்துவிட்டது, பேரனுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.