பருந்து மனிதனின் பல பிறப்புகள்: ஒரு படக்கதை நாயகனின் வரலாற்றுச் சிக்கல்

அமெரிக்கப் படக்கதை உலகில் ஹாக்மேன் என்னும் பருந்து மனிதன் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலவி வருபவன். முதுகில் சிறகுகள், தலையில் பருந்து முகக் கவசம், கையில் பழங்காலத்துப் படைக்கலம் என்னும் அவனது தோற்றம் பெரிதும் மாறவில்லை. ஆனால் அவன் யார், எம்மண்ணில் பிறந்தவன், இயற்பெயர் யாது என்னும் வினாக்களுக்கு வெவ்வேறு காலத்து இதழ்கள் வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. ஓரிடத்தில் அவன் பண்டை எகிப்திய இளவரசனின் மறுபிறப்பு. மற்றோரிடத்தில் வேற்றுக் கோளிலிருந்து வந்த காவலன். பிறிதோரிடத்தில் இவ்விருவரும் ஒன்றாய்க் கலந்த தெய்வ உரு. பலர் கைபட்டு எழுதப்பட்டமையால் நேர்ந்த குழப்பம் என்று இதனைப் பொதுவாகக் கூறுவர். அது முழு உண்மையன்று. முரண்கள் அருகருகே நின்ற காலத்தில் குழப்பம் எழவில்லை. முரண்களைக் களைந்து ஒற்றை வரலாறு அமைக்க முற்பட்டபோதே அது தோன்றியது. இதழ்களைக் கால வரிசையில் வைத்து நோக்கின் இது புலனாகும்.

இரு தோற்றங்கள்

1940 சனவரி எனத் தேதியிடப்பெற்ற 'ஃபிளாஷ் காமிக்ஸ்' முதல் இதழில் ஹாக்மேன் அறிமுகமானான். கார்ட்னர் ஃபாக்ஸ் எழுத, டென்னிஸ் நெவில் வரைந்தார். பழங்காலப் படைக்கலன்களைத் திரட்டும் செல்வனாகிய கார்ட்டர் ஹால், எகிப்திலிருந்து வந்த கண்ணாடிக் கத்தி ஒன்றைப் பெறுகிறான். அதன்பின் கனவில் தன் முற்பிறவியைக் காண்கிறான். அப்பிறவியில் அவன் கூஃபு என்னும் இளவரசன்; ஹாத்-செட் என்னும் பூசாரியின் கையால் மாண்டவன். கனவு கலைந்தபின் முற்பிறவிக் காதலி ஷியராவாகவும், பழைய பகைவன் ஓர் அறிவியலாளனாகவும் அவன்முன் மீண்டும் வருகின்றனர். புவியீர்ப்பை வெல்லும் 'ஒன்பதாம் உலோகம்' அவனுக்குப் பறக்கும் ஆற்றலைத் தருகிறது. 1922இல் துட்டங்காமனின் கல்லறை கண்டறியப்பட்டது முதல் மேலை நாட்டாரிடையே பரவியிருந்த எகிப்திய ஈடுபாட்டின் சாயல் இக்கதையில் தெளிவாகவே உள்ளது. 'ஜஸ்டிஸ் சொசைட்டி' என்னும் நாயகர் குழுவிலும் ஹாக்மேன் இடம்பெற்றான். போருக்குப்பின் இவ்வகைக் கதைகளின் விற்பனை சரிந்தது. 1949இல் 'ஃபிளாஷ் காமிக்ஸ்' நின்றது. 1951இல் அக்குழுவின் கதைகளும் நின்றன.

பின்னர், இன்று டிசி என அறியப்பெறும் நிறுவனத்தில் பதிப்பாசிரியராயிருந்த ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் பழைய நாயகர்களின் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு புதிய நாயகர்களைப் படைக்கச் செய்தார். 1956இல் புதிய ஃபிளாஷ், 1959இல் புதிய கிரீன் லான்டர்ன், 1961இல் புதிய ஹாக்மேன் எனப் பழம்பெயர்கள் புத்துயிர் பெற்றன. இப்புதிய ஹாக்மேனையும் எழுதியவர் அதே ஃபாக்ஸ் என்பது இங்குக் கருதத்தக்கது; வரைந்தவர் ஜோ கூபர்ட். எகிப்தும் மறுபிறப்பும் நீக்கப்பட்டன. தனாகர் என்னும் கோளின் காவல் அதிகாரி காட்டர் ஹோல், உருமாறும் குற்றவாளி ஒருவனைத் தொடர்ந்து மனைவி ஷயேராவுடன் புவிக்கு வருகிறான். இங்கேயே தங்கி அருங்காட்சியகப் பணியை மேற்கொள்கிறான். புவியில் அவன் பூண்ட பெயர் கார்ட்டர் ஹால். தம் பழைய நாயகனின் இயற்பெயரையே புதியவனுக்குப் புனைபெயராக ஃபாக்ஸ் வழங்கினார். விண்வெளிப் பயணம் பற்றிய பேச்சு எங்கும் நிறைந்திருந்த காலத்திற்கு இது பொருந்தி வந்தது.

ஒருவனுக்கே இரு பிறப்பு வரலாறுகள் அமைந்தமை அன்று எவரையும் உறுத்தவில்லை. சிறுவர்கள் சில ஆண்டுகளே இவ்விதழ்களைப் படிப்பர், பின்னர் விட்டுவிடுவர் என்பது பதிப்பாளர்களின் கணிப்பு. பழையதை நினைவிற்கொண்ட சிலருக்கும் விரைவில் விடை கிடைத்தது. 1961 செப்டம்பரில் ஃபாக்ஸ் எழுதிய ஃபிளாஷ் கதையொன்று, பழைய நாயகர்கள் வேறொரு புவியில் வாழ்பவர்கள் என்றது. அவ்விரண்டாம் புவியின் நிகழ்ச்சிகளை இங்குள்ள ஓர் எழுத்தாளர் கனவில் கண்டு கதைகளாக எழுதினார் என்றும், அவர் பெயர் கார்ட்னர் ஃபாக்ஸ் என்றும் அக்கதையிலேயே கூறப்பட்டது. தம் முரணைத் தாமே விளக்கத் தம்மையே கதைக்குள் நுழைத்த அத்துணிவு பாராட்டத்தக்கது.

தமிழ் இலக்கிய வரலாறு பயின்றோர்க்கு இம்முறை அயலானதன்று. சங்கப் பாடல்களைப் பாடிய ஔவையாரும் ஆத்திசூடி பாடிய ஔவையாரும் ஒருவரல்லர் என மொழிநடையும் பொருளும் கொண்டு நம் அறிஞர்கள் வேறுபடுத்தினர். ஒரே பெயரின்கீழ் ஒவ்வாத செய்திகள் சேரும்போது, பெயரை ஒன்றாகவும் ஆளைப் பலராகவும் கொள்வது ஒரு தீர்வு. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இரு ஹாக்மேன்களும் இரு புவிகளில் இடரின்றி வாழ்ந்தனர். இரு புவியினரும் சந்திக்கும் கதைகள் 1963 முதல் ஆண்டுதோறும் வெளிவந்து வரவேற்பும் பெற்றன.

ஒன்றாக்கும் முயற்சி

இதனிடையே வாசகர் மாறினர். சிறுவயதில் படித்தோர் வளர்ந்தபின்னும் இதழ்களைச் சேர்த்துப் பேணினர். 1970களில் படக்கதைகளுக்கெனத் தனிக் கடைகள் பெருகின. பழைய இதழ்கள் கைக்கு எட்டும் நிலையில் முரண்களைக் கண்டறிவது ஒரு பொழுதுபோக்காயிற்று. புதிய வாசகரைப் பல புவிகள் மருட்டுகின்றன என்று நிறுவனத்தாரும் கருதினர். இதன் விளைவே 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்'. மார்வ் வுல்ஃப்மன் எழுத ஜார்ஜ் பெரஸ் வரைந்த இத்தொடரின் பன்னிரண்டு இதழ்களும் 1985, 1986ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. இறுதியில் பல புவிகளும் அழிந்து ஒரே புவியும் ஒரே வரலாறும் எஞ்சின.

இவ்வழிவினாலும் ஹாக்மேனுக்கு உடனே கேடு நேரவில்லை. ஒரே புவியில் முற்பட்டவன் கார்ட்டர், பிற்பட்டவன் காட்டர் என்று கொண்டால் போதுமானதாயிருந்தது. மூத்த தலைமுறை நாயகர்களும் 1986இல் முடிவிலாப் போர் ஒன்றுக்கு அனுப்பப்பட்டுக் கதையினின்று விலக்கப்பட்டனர்.

1989இல் டிமதி ட்ரூமன் 'ஹாக்வேர்ல்ட்' என்னும் மூன்று இதழ்த் தொடரைப் படைத்தார். ஹாக்மேன் கதைகளுள் இதுவே தலையாயது என்பது என் கருத்து. முன்னைய கதைகளில் தனாகர் ஓர் அறிவியல் நன்னாடு. ட்ரூமனின் தனாகரோ பிற உலகங்களை வென்று, அங்குள்ளோரை அடிமைகளாகக் கொணர்ந்து உழைப்பைச் சுரண்டும் பேரரசு. உயர்குடியினர் வானளாவும் கோபுரங்களில் வாழ, தோற்ற மக்கள் கீழ்நகரச் சேரிகளில் மடிகின்றனர். மேற்குடியில் பிறந்த காட்டர் ஹோல் சிறகணிந்து கீழே இறங்கும்போது தன் இனத்தின் செழிப்பு எதன்மேல் எழுந்தது என்பதை உணர்கிறான். இங்குச் சிறகு விடுதலையின் குறியீடன்று, ஒடுக்குவோரின் சீருடை. சிறுவர்க்கான பறக்கும் நாயகன் ஆதிக்கம் பற்றிய சிந்தனைக்குக் கருவியாயினான்.

இதனைக் காட்டரின் இளமைக்கால வரலாறாக மட்டும் கொண்டிருந்தால் எல்லாம் இனிது முடிந்திருக்கும். ஆனால் 1990இல் தொடங்கிய தொடர் இதழ், அந்நிகழ்ச்சிகளை அண்மைக் காலத்தனவாக்கி, காட்டரும் ஷயேராவும் இப்போதுதான் முதன்முறையாகப் புவிக்கு வருவதாக அமைத்தது. எல்லாச் சிக்கலுக்கும் வித்து இவ்வொரு முடிவே. காட்டர் இப்போதுதான் வந்தவன் எனின், 1964 முதல் 'ஜஸ்டிஸ் லீக்' குழுவில் இருந்த ஹாக்மேன் யார்? அனைவர்க்கும் ஒரே வரலாறு என்று விதித்துவிட்டமையால், வேறு புவியைக் காட்டித் தப்பவும் வழியில்லை.

விடைகள் ஒட்டுப்போட்டவையாகவே அமைந்தன. தொடக்ககாலக் குழுவில் இருந்தவன் முதியவனான கார்ட்டர் எனப்பட்டது. கார்ட்டர் விலக்கப்பட்ட பின்னும் ஒரு ஹாக்மேன் குழுவில் தோன்றியிருந்தான். அவனுக்கு விளக்கம் கூற ஃபெல் ஆண்டார் என்னும் தனாகர் ஒற்றன் படைக்கப்பட்டான். கார்ட்டரின் மகனாக நடித்தவன் அவன் என்றனர். எழுதியோர் எவரும் எண்ணியிராத ஒருவன், எழுதி முடிந்த கதைகளுக்குள் பின்னோக்கி நுழைக்கப்பட்டான். மூல ஏட்டில் இல்லாத பாடத்தை ஓசை நிரம்பும் பொருட்டுப் பதிப்பாசிரியர் தாமே புனைந்து சேர்ப்பதை இதனோடு ஒப்பிடலாம். அடி நிரம்பும், நூல் கெடும்.

1994இல் 'ஸீரோ அவர்' என்னும் தொடர் மீண்டும் ஒழுங்குபடுத்த முனைந்தது. கார்ட்டர், ஷியரா, காட்டர் ஆகியோர் ஒரே உடலிற் கலந்து பருந்துத் தெய்வத்தின் அவதாரமாயினர். பலரை ஒருவராக்கும் விருப்பம் இங்கு அதன் எல்லையைத் தொட்டது எனலாம். 1996இல் அவனது தனி இதழ் நின்றது. அதன்பின் அவனைத் தொடவே எழுத்தாளர்கள் தயங்கினர். 1997இல் புதிய 'ஜஸ்டிஸ் லீக்' தொடரை எழுதிய கிராண்ட் மாரிசன், ஹாக்மேனுக்குரிய இடத்தில் ஸாரியல் என்னும் சிறகுடைய வானவனைப் படைத்துக்கொண்டார். தன் வரலாற்றின் பளுவாலேயே ஒரு கதைமாந்தன் கதையினின்று வெளியேற நேர்ந்தது.

மறுபிறப்பு என்னும் விடை

மீட்பு, முதலிற் கழிக்கப்பட்ட கூறிலிருந்தே வந்தது. 2001இல் டேவிட் கோயர், ஜெஃப் ஜான்ஸ் ஆகியோர் கார்ட்டர் ஹாலை மீண்டும் கொணர்ந்தனர். கூஃபுவின் காலத்தில் தனாகரின் கலம் ஒன்று எகிப்தில் வீழ்ந்தது என்றும், அதிலிருந்த உலோகத்தின் தொடர்பாலேயே மறுபிறப்புச் சுழற்சி தொடங்கியது என்றும் கூறி எகிப்தையும் விண்ணையும் அவர்கள் இணைத்தனர். 2011இல் நிறுவனம் தன் கதையுலகம் முழுவதையும் புதிதாகத் தொடங்கியபோது இவ்விணைப்பும் குலைந்தது. 2018இல் ராபர்ட் வெண்டிட்டி எழுதி பிரையன் ஹிட்ச் வரைந்த தொடர் ஒரு படி மேலே சென்றது. அதன்படி ஹாக்மேன் புவியில் மட்டுமன்றிப் பல கோள்களிலும், காலத்தின் முன்னும் பின்னுமாகவும் பிறக்கிறான். காட்டர் ஹோலும் அப்பிறவிகளுள் ஒருவன். முதற்பிறவியில் எண்ணற்ற உயிர்களைக் கொன்ற படைத்தலைவன் அவன். கொன்ற உயிர்களுக்கு ஈடாக உயிர்களைக் காக்கும்வரை பிறவி தொடரும்.

முரண்பட்ட செய்திகளுள் எதையும் பொய்யென ஒதுக்காமல் ஏற்பது இவ்விடையின் சிறப்பு. கோவலன் கொலையுண்டமைக்கு, முற்பிறப்பில் பரதன் என்னும் பெயரினனாய்ச் சங்கமன் என்னும் வணிகனைக் கொல்வித்தமையை மதுராபதித் தெய்வம் காரணமாகக் கூறும் சிலப்பதிகாரத்தைப் பயின்றோர்க்கு இதன் கட்டமைப்பு எளிதில் விளங்கும். ஒரு பிறவிக்குள் விளங்காதது பல பிறவிகளை நோக்கப் பொருள் பெறுகிறது.

எனினும் இதனால் இழந்ததும் உண்டு. 'ஹாக்வேர்ல்ட்' நாயகன் கீழ்நகரில் கண்ட கொடுமைக்குத் தன் ஒரே வாழ்வைக் கொண்டு விடை கூற வேண்டியவன். அவனைக் குற்றவாளியாக்கியது தன் நாட்டின் வழக்கமும் அதற்குத் துணைபோன தன் கையும்தான். புதிய கணக்கில் அக்குற்றம், தொல்பிறவி ஒன்றின் கடனுக்குள் அடங்கிவிடுகிறது. தனாகரின் கோபுரங்கள் யாருடைய உழைப்பில் எழுந்தன என்று ட்ரூமன் எழுப்பிய வினாவை 2018இன் தொடர் திரும்பக் கேட்கவில்லை.