வீட்டுக்காரி வாசலில் நின்ற கதை

1932, லாஸ் ஏஞ்சலிஸ். ஜேனட் காலின்ஸுக்கு வயது 15. பாலே ருஸ் தெ மான்டி கார்லோ என்ற பெரிய பாலே குழுவின் முன்னால் ஆடிக் காட்டுகிறாள். ஆட்டம் அவர்களுக்குப் பிடித்துப்போகிறது. சேர்த்துக்கொள்ளத் தயார், ஆனால் மேடையேறும்போது முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிக்கணும் என்கிறார்கள். கறுப்பினப் பெண் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியக்கூடாதாம். அவள் முடியாது என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே வெளியே வருகிறாள்.

அதே ஜேனட் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓப்பராவில் முதன்மை நடனக் கலைஞராக மேடையேறியது 1951ல். 1955ல் ராவன் வில்கின்சன், ஜேனட்டிடம் சாயம் பூசச் சொன்ன அதே பேர் கொண்ட குழுவில் சேர்ந்தார். வெளிர் நிறம் என்பதால் பவுடரோடு சமாளிக்க முடிந்தது. ஆனால் நிறவெறி உச்சத்தில் இருந்த தென் மாநிலங்களுக்கு அவரைக் கூட்டிப்போவதே ஆபத்து என்றானது. கடைசியில் நெதர்லாந்துக்குப் போய் ஆடினார். 2015ல் மிஸ்டி கோப்லாண்ட் நியூயார்க்கில் 'ஸ்வான் லேக்' ஆடி முடித்தபோது மேடைக்குப் பூங்கொத்தோடு வந்தவர்களில் 80 வயது ராவனும் ஒருவர். சில நாட்களில் அமெரிக்கன் பாலே தியேட்டர் மிஸ்டியை முதன்மைக் கலைஞராக்கியது. அந்த நிறுவனத்தில் அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவர்.

இதைப் படித்ததும் நமக்கு வரும் கேள்வி: நம்ம ஊர்ல இப்படி யாரு?

நான் காட்டுப்பள்ளிக்காரி. இங்கிருந்து மெட்ராஸுக்குப் போக மீஞ்சூரிலோ அத்திப்பட்டிலோ ரயிலேறணும். எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் என்று வந்து பீச் ஸ்டேஷனில் இறங்கி ரோட்டைத் தாண்டினால் ஜார்ஜ் டவுன். டிசம்பர் சீசன் என்றால் மயிலாப்பூர், மியூசிக் அகாடமி என்று தெற்குப் பக்கமே கைகாட்டுவார்கள். ஆனால் என் கேள்விக்கான பதில் இந்த ரயில் ரூட்டிலேயே இருக்கிறது.

திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் கல்வெட்டு ஒன்று, 13ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ராஜராஜ சோழன் அந்தக் கோயில் மண்டபத்தில் இருந்து, உறவாக்கின தலைக்கோலி என்ற பெண்ணின் ஆட்டத்தைக் கண்டதாகச் சொல்கிறது. தலைக்கோலி என்பது ஆடற்பெண்களுக்குத் தரப்பட்ட பட்டம். ஆடியவள் பேர் கல்லில் இருக்கிறது, ராஜாவின் பேருக்குப் பக்கத்திலேயே.

ஜார்ஜ் டவுனில்தான் வீணை தனம்மாளின் வீடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீணையை எடுத்தால், பெரிய பெரிய வித்வான்கள் வந்து சத்தம் போடாமல் உட்கார்ந்து கேட்பார்கள். தனம்மாளின் மகள் ஜெயம்மாள். ஜெயம்மாளின் மகள் பாலசரஸ்வதி, பிறந்தது 1918ல். தஞ்சாவூர் அரசவையில் ஆடிய பாப்பம்மாளில் தொடங்கி எண்ணினால் ஏழாவது தலைமுறை. பாலா ஆட ஆசைப்பட்டபோது சொந்தக்காரர்களே வேண்டாம் என்றார்கள். அதற்குள் அந்த ஆட்டத்துக்கு ஊரில் கெட்ட பேர் வந்தாகிவிட்டது. ஜெயம்மாள் மட்டும் விடவில்லை. தஞ்சை நால்வர் வழியில் வந்த கந்தப்ப பிள்ளையிடம் கடுமையான பயிற்சி. 1925ல், 7 வயதில், காஞ்சிபுரத்தில் ஒரு அம்மன் கோயிலில் அரங்கேற்றம்.

அந்தக் கெட்ட பேர் எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடினார். அந்தச் சமூகத்திலேயே வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் பேசினார், 1936ல் 'தாசிகள் மோசவலை' நாவலையும் கொண்டுவந்தார். சின்னப் பெண்களைச் சாமிக்கு நேர்ந்துவிடும் கொடுமை போகணும் என்பதில் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. 1947ல் சட்டம் வந்தது. கோயிலில் ஆடுவதும் சட்டவிரோதமானது.

இன்னொரு பக்கம் வேறு ஒன்று நடந்தது. 1930களில் 'சதிர்' என்ற பேர் மறைந்து 'பரதநாட்டியம்' வந்தது. 1935ல் ருக்மிணி தேவி அடையாறு தியோசபிகல் சொசைட்டியில் ஆடினார், அடுத்த வருஷம் கலாக்ஷேத்ரா. அவருடைய முதல் குரு யார் தெரியுமா? மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலில் ஆடிவந்த கௌரி அம்மாள். பாலா அபிநயம் படித்ததும் அதே கௌரி அம்மாளிடம்தான். கலையைக் கற்றுக்கொடுத்தவர்களின் குடும்பத்துப் பெண்கள் மெல்ல மெல்ல மேடையை விட்டு இறங்க, கற்றுக்கொண்டவர்களின் வீட்டுப் பெண்கள் ஏறினார்கள். இதற்கு வைத்த பேர் 'மீட்பு'.

ஜேனட் கதையும் பாலா கதையும் பிரியும் இடம் இதுதான். பாலே ஐரோப்பிய அரண்மனையில் வளர்ந்த கலை. ஜேனட் அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டினார், திறக்கவில்லை. பாலா தட்டவேண்டியதே இல்லை, அது அவர் வீடு. வீட்டை வாங்கியவர்கள் வெள்ளையடித்து, புதுப் பேர்ப்பலகை மாட்டி, வீட்டுக்காரியைப் பார்த்து நீ யாரு என்று கேட்டார்கள். அதனால்தான் நம்ம கதையில் 'முதல் கறுப்பினப் பெண்' மாதிரி ஒரு பட்டம் கிடையாது. இங்கே எல்லாருமே 'கடைசி'. கடைசி தேவதாசி, கடைசி சதிர் கலைஞர். 2022ல் பத்மஸ்ரீ வாங்கிய விராலிமலை முத்துக்கண்ணம்மாளையும் அப்படித்தான் எழுதினார்கள்.

வெள்ளையடித்தார்கள் என்று சும்மா சொல்லவில்லை. சிருங்காரம் ஆபாசம், பக்தி மட்டும் போதும் என்ற பேச்சு பலமாக இருந்த காலம் அது. பாலா ஒத்துக்கவே இல்லை. சிருங்காரம்தான் இந்தக் கலையின் உயிர், அதைச் சுத்தப்படுத்த ஒன்றுமில்லை என்று சாகும்வரை சொன்னார். 1975ல் தமிழ் இசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில் ஒரு கச்சேரியைக் கோயிலோடு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரமும் சப்தமும் மண்டபங்கள், பதம் கர்ப்பக்கிரகத்துக்குள் போகும் அமைதி. கோயிலில் ஆடக்கூடாது என்று சட்டம் போட்டாகிவிட்டது. சரி, நான் ஆடும் ஆட்டமே கோயில்தான் என்கிறார்!

1962ல் அமெரிக்கா, ஜேக்கப்ஸ் பில்லோ விழா. 1963ல் எடின்பரோ. பிறகு வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1973ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி, அந்தப் பட்டம் வாங்கிய ஒரே நடனக் கலைஞர். 1977ல் பத்ம விபூஷண். 1984ல் மறைந்தார். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அவருக்குக் கிடைத்தது அவர் பிறந்த சமூகத்துப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை. ஒருத்தரை உச்சியில் வைத்துவிட்டு மீதிப் பேரை மறந்துவிடுவது ரொம்ப வசதியான மரியாதை.

எங்க ஊருக்கு இந்தக் கதை நல்லாவே புரியும். துறைமுகம் வந்தபோது குப்பம் இடம் மாறியது. கடலோரம் வளர்ச்சி அடைந்துவிட்டது என்று சொன்னார்கள். அந்தக் கரையை எங்களுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்?

பள்ளியில் எனக்கு ஒரு ஆண்டுவிழா நடனம் வாய்த்தது. மேக்கப் போட வந்தவர் என் முகத்தைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், என் நிறத்துக்கு மூணு படி வெளுப்பான பேன்கேக்கை அப்பினார். கழுத்துக்குக் கீழே நான், மேலே வேறு யாரோ. அம்மாவுக்கே என்னைக் கூட்டத்தில் அடையாளம் தெரியல. அப்போது எனக்கு ஜேனட்டைத் தெரியாது. முடியாது என்று சொல்ல வழி இருக்கு என்றும் தெரியாது.

இப்போது என் அக்கா மகள் டான்ஸ் கற்றுக்கணும் என்கிறாள். ஃபீஸ், புடவை, நகை, அரங்கேற்றச் செலவு எல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்து அக்கா பெருமூச்சு விடுகிறாள். "அதெல்லாம் நம்மளுக்கு எதுக்குடி, அது அவங்க டான்ஸ்" என்கிறாள். அவங்க டான்ஸ் இல்லக்கா என்று சொல்ல எனக்கு ஏழு தலைமுறைக் கதை தேவைப்படுகிறது.

அவளுக்கு முதலில் காட்டப்போவது சத்யஜித் ராய் 1976ல் எடுத்த 'பாலா' ஆவணப்படத்தை. அதில் பாலா கடற்கரையில் நின்று ஆடுகிறார். வயது அறுபதை நெருங்குகிறது, உடம்பு கனத்திருக்கிறது. கடற்காற்று புடவையை இழுத்துக்கொண்டே இருக்கிறது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் குழந்தைக் கிருஷ்ணனைக் கூப்பிடுகிறார். சபா, விளக்கு, திரை எதுவும் கிடையாது. அந்தக் காற்று எங்க பிள்ளைக்குப் பழக்கமானதுதான்.