ஒரு ஆல்பம், மூணு முதலாளிகள்: 'ப்ரெட்டி ஹேட் மெஷின்' அட்டையின் கதை

இந்த எபிசோடுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. போனை எடுத்து, 'நைன் இன்ச் நெயில்ஸ்' குழுவோட முதல் ஆல்பம் 'ப்ரெட்டி ஹேட் மெஷின்' அட்டைப் படத்தைத் தேடிப் பாருங்க. நீலமும் ரோஸும் கலந்த வெளிச்சத்துல, விலா எலும்பு மாதிரி வரிசையா ஏதோ தெரியும். முதல் தடவை பார்த்தப்போ நான் எக்ஸ்ரேன்னுதான் நினைச்சேன்.

அது எலும்பு இல்ல, டர்பைன் பிளேடு. ஒரு மெஷினோட போட்டோவை எடுத்து, மேலும் கீழுமா இழுத்து நீட்டியிருக்காங்க. இழுத்த இழுப்புல இரும்பு எலும்பா மாறிடுச்சு. இதை வடிவமைச்சவர் கேரி டால்பஸ். அந்தக் குழுவோட லோகோ இருக்கே, ரெண்டாவது 'என்' திரும்பி நிக்குமே, அதுலயும் அவர் கை உண்டு.

நல்லாத் தேடினீங்கன்னா இதே படம் ரெண்டு விதமா கிடைக்கும். ஒண்ணு 1989-ல வந்தது, இன்னொண்ணு 2010-ல வந்தது. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற 21 வருஷம்தான் இன்னைக்கு நம்ம கதை.

1980-களின் கடைசி. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம், கிளீவ்லேண்ட் நகரம். அங்கே 'ரைட் ட்ராக்'னு ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ. ட்ரெண்ட் ரெஸ்னர்னு ஒரு பையன் அங்கே உதவியாளரா இருக்கார். உதவியாளர்னா கக்கூஸ் கழுவுறது வரைக்கும் எல்லா வேலையும்தான். ஸ்டுடியோ ஓனர் பார்ட் கோஸ்டர் அவருக்கு ஒரு அனுமதி கொடுத்தார்: வாடிக்கையாளர் இல்லாத நேரத்துல உன் பாட்டை ரெக்கார்ட் பண்ணிக்கோ. ராத்திரி ராத்திரியா, ஒரு மேக்கின்டாஷ் கம்ப்யூட்டர், ஒரு சாம்ப்ளர், சில சின்தசைசர்களை வெச்சுக்கிட்டு, பெரும்பாலும் தனி ஆளாவே அவர் டெமோ பண்ணினார்.

அந்த டெமோவுக்கு ஒப்பந்தம் கொடுத்தது நியூயார்க்ல இருந்த 'டீவீ டூன்ஸ்' கம்பெனி. (சுருக்கினா நாம படம் பார்த்த டிவிடி மாதிரி ஆயிடும், அதனால முழுப் பேரே சொல்றேன்.) பழைய டிவி நிகழ்ச்சிகளோட டைட்டில் இசையைத் தொகுத்து வித்து வளர்ந்த கம்பெனி அது. ஃப்ளட், ஜான் ஃப்ரையர், ஏட்ரியன் ஷெர்வுட், கீத் லெப்ளாங்க்னு நாலு தயாரிப்பாளர்களோட சேர்ந்து ஆல்பத்தை முடிச்சுக் கொடுத்தார் ரெஸ்னர். கம்பெனித் தலைவர் ஸ்டீவ் காட்லீப்புக்கு அது பிடிக்கவே இல்ல. இருந்தாலும் 1989 அக்டோபர்ல வெளியாச்சு. அப்போ ரெஸ்னருக்கு வயசு 24.

உடனே ஹிட் ஆகல. ஊர் ஊரா கச்சேரி போட்டுப் போட்டு மெதுவா வித்துச்சு. 1992-ல அமெரிக்காவுல 10 லட்சம் காப்பிக்கான பிளாட்டினம் சான்று வாங்கினது. 2003-ல அது 30 லட்சம் ஆச்சு. ஆனா அடுத்த ரெக்கார்டு எப்படி இருக்கணும்னு கம்பெனிக்கும் அவருக்கும் சண்டை. அவர்களுக்குத் தெரியாமலே 'ப்ரோக்கன்' பாடல்களை ரெக்கார்ட் பண்ணினார். கடைசியில 1992-ல இன்டர்ஸ்கோப் கம்பெனிக்கு மாறினார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. ஆள்தான் வெளியே போனார். முதல் ஆல்பம் போகல. அதோட ரெக்கார்டிங் உரிமை பழைய கம்பெனிகிட்டயே தங்கிடுச்சு.

அடுத்து நடந்ததுதான் எனக்கு ரொம்ப உறுத்துற பகுதி. 1997-ல டேவிட் போவி தன் பாடல்களின் வருமானத்தைக் காட்டி 5.5 கோடி டாலருக்கு பாண்டு வெளியிட்டார். பாட்டுக்கும் வீடு, நிலம் மாதிரி கடன் கிடைக்கும்னு ஊருக்கே தெரிஞ்சது. 'டீவீ டூன்ஸ்' கம்பெனியும் தன்கிட்ட இருந்த பாடல்களை வெச்சுக் கடன் வாங்கியது. அதைக் கட்ட முடியல. அடமானம் வெச்ச நகை மூழ்கிப் போற மாதிரி, ராத்திரி ராத்திரியா அந்தப் பையன் பண்ணின ஆல்பம் கடன் கொடுத்தவங்க கைக்குப் போச்சு. சில வருஷம் கடையில புதுக் காப்பியே கிடைக்கல.

2005 நவம்பர்ல ரைகோடிஸ்க் கம்பெனி மறுபடியும் வெளியிட்டுச்சு. அட்டையில சின்னச் சின்ன மாற்றம், உள்ளே அதே பாட்டு. நம்ம பாஷையில சொன்னா, சோர்ஸ் கோடைத் தொடாம பழைய பைனரியை அப்படியே வேற சர்வர்ல போட்ட மாதிரி.

2010-ல உரிமையை பைசைக்கிள் மியூசிக் கம்பெனி வாங்கியது. இந்தத் தடவை ரெஸ்னரையும் கூப்பிட்டாங்க. டாம் பேக்கர் ரீமாஸ்டர் பண்ணினார். ரீமாஸ்டர்னா பாட்டை மறுபடி மிக்ஸ் பண்றது இல்ல. முடிஞ்சுபோன மிக்ஸை எடுத்து அதோட ஒலி அளவையும் சமநிலையையும் சீராக்குறது. குவீன் குழுவோட ஒரு பாட்டை இவங்க முன்னாடியே பாடி சிங்கிள்ல போட்டிருந்தாங்க, அதையும் கடைசியில சேர்த்தாங்க. அட்டையை ராப் ஷெரிடன் புதுசாப் பண்ணினார். ரசிகரா இருந்து, பிறகு குழுவோட கலை இயக்குநர் ஆனவர் அவர். டால்பஸ் பண்ணின அதே விலா எலும்பையே எடுத்து மறுபடி வரைஞ்சார். வேற படம் வெச்சிருக்கலாம். வெக்கல.

எனக்கு அந்த அட்டை பிடிக்கக் காரணம் இருக்கு. என் முதல் வேலையில, ஷிப்ட் முடிஞ்ச பிறகு உட்கார்ந்து, சர்வர் லாக் படிக்க ஒரு சின்ன டூல் எழுதினேன். யாரும் கேட்கல, எனக்குப் பிடிச்சுது, எழுதினேன். டீம் முழுக்க அதைப் பயன்படுத்தினாங்க. வேலையை விட்டப்போ ஒரு பேப்பர் நீட்டினாங்க. அதுல எல்லாமே அவங்களுதுன்னு இருந்துச்சு. சேர்ந்த நாள்லயே அதுக்குக் கையெழுத்து போட்டிருக்கேன், படிக்கல. இன்னைக்கு அது எங்கே ஓடுது, யார் மாத்துறாங்க, எனக்குத் தெரியாது.

அதனாலதான் 2010 பதிப்பை 'ரெஸ்னர் ஜெயிச்சுட்டார்'னு என்னால சொல்ல முடியல. உரிமை அப்பவும் அவர் கைக்கு வரல. இன்னொரு கம்பெனி வாங்கிச்சு, அவ்வளவுதான். புது ஓனர் கதவைத் தட்டினாங்க, இவர் உள்ளே வந்து தன் பழைய வீட்டுக்கு வெள்ளை அடிச்சுட்டுப் போனார். இதுல இன்னொரு வேடிக்கை: மெஷினை இலவசமாக் கொடுத்த ஸ்டுடியோ ஓனர்கிட்ட ஆல்பம் போகல. கேட்டுட்டு மூஞ்சி சுளிச்ச கம்பெனிகிட்டதான் போச்சு. பேப்பர்ல கையெழுத்து அங்கேதான் இருந்தது.

மெஷினை இழுத்து மனுஷ எலும்பாக் காட்டினது அந்த அட்டை. மனுஷன் பண்ணினதை இழுத்து அடமானப் பொருளாக் காட்டினது மார்க்கெட்.

இதைக் கேட்டுட்டு இருக்கிறவங்கள்ல யாராவது ராத்திரி உட்கார்ந்து கோடோ பாட்டோ பண்ணிட்டு இருந்தா, ஒரே ஒரு வேண்டுகோள். உங்க ஆஃபர் லெட்டரைத் தேடி எடுத்து, உரிமை பற்றி எழுதியிருக்கிற அந்தப் பத்தியை இன்னைக்கே படிங்க. படிச்சுட்டு ஆல்பத்தைக் கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.