1848 ஆம் ஆண்டுப் பிரெஞ்சுத் தலைவர் தேர்தல்

குடியரசின் தலைவரை மக்களே நேர்வாக்கால் தேர்தல் தகுமா என்னும் வினா எழுந்துழியெல்லாம் பிரெஞ்சு நாட்டு நிகழ்ச்சியொன்றைச் சான்று காட்டுவர். மக்கள் வாக்கால் தலைவரான லூயி நெப்போலியன் மூன்றாண்டில் குடியரசையே வீழ்த்தினார். ஆதலின் எழுத்தறியா உழவர்க்கு அவ்வுரிமை ஈந்ததே பிழை என்பது அவர்தம் முடிபு. அது பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

1848 அக்டோபரில் அரசியலமைப்புப் பேரவையில் இக்கேள்வி வாதிக்கப்பட்டது. தனித் தலைவர் பதவியே வேண்டா, பேரவை தேர்ந்து வேண்டும்போது நீக்கத்தக்க அமைச்சரவைத் தலைவர் ஒருவர் போதும் என்றார் ழூல் கிரெவி. கவிஞர் லாமார்த்தீன் நேர்வாக்கை ஆதரித்துப் பேசினார், நேர்வாக்கே வென்றது. திசம்பர்த் தேர்தலில் லூயி நெப்போலியன் ஏறத்தாழ 54 இலட்சம் வாக்குகள் பெற்றார். படைத்தலைவர் கவைஞாக் 14 இலட்சம் பெற்றார். லாமார்த்தீனுக்குக் கிடைத்தவை 20,000-ஐ எட்டவில்லை. இலக்கியம் பயில்வார்க்கு இது சற்றே வருத்தந்தரும் செய்திதான்.

உழவர் பெரியநெப்போலியன் பெயரில் மயங்கினர் என்பது ஓரளவே உண்மை. அவ்வாண்டு மார்ச்சில் இடைக்கால அரசு நேர்வரிமீது நூற்றுக்கு 45 பங்கு மிகைவரி விதித்தது. சுமை பெரிதும் நிலமுடையார் தலையில் விழுந்தது. லாமார்த்தீன் அவ்வரசில் இருந்தவர். சூன் மாதத்தில் பாரிசுத் தொழிலாளர் கிளர்ச்சியைக் குருதி சிந்த அடக்கியவர் கவைஞாக். இவற்றை மறவாது வாக்களித்தோரை அறியாதார் என்றல் யாங்ஙனம்? (மக்கள் எனப்பட்டோர் அன்று ஆடவர் மட்டுமே என்பதும் நினைவிற்குரியது.)

பிழை வேறிடத்தது என்பதே எம் கருத்து. தலைவர், பேரவை இரண்டும் மக்கள் வாக்கிற் பிறந்தவை. பேரவையைக் கலைக்கத் தலைவர்க்கு உரிமையில்லை; நான்காண்டு முடிந்ததும் அவர் தொடர்ந்து மறுமுறை நிற்றலும் இயலாது. அவ்விலக்கை மாற்றும் திருத்தம் 1851 சூலையில் பெரும்பான்மை பெற்றும், சட்டம் வேண்டிய நான்கில் மூன்று பங்கை எய்தவில்லை. பிணக்குத் தீரும் வாயில் யாண்டும் இல்லை. இதனினும் கொடியது பேரவையின் செயல்: 1850 மே 31-ஆம் நாள் சட்டத்தால் ஏறத்தாழ 30 இலட்சம் பேரின் வாக்குரிமையை அது பறித்தது. 1851 திசம்பர் 2-இல் படைவலியால் ஆட்சியைக் கைப்பற்றிய லூயி நெப்போலியன், பறிபோன வாக்குரிமையை மீட்பவராகவே தம்மைக் காட்டிக்கொள்ள இயன்றது.

1875-இல் அமைந்த சட்டங்கள் தலைவர் தேர்வை ஈரவைகளிடம் விட்டன. அவ்வழியே 1879-இல் தலைவரானவர் பதவியே வேண்டா என்ற கிரெவி. 1958-ஆம் ஆண்டு அரசியலமைப்பு கலைக்கும் உரிமையைத் தலைவர்க்கு அளித்தது. 1962 அக்டோபரில் தெ கால் நேர்வாக்கைக் கொணர முயன்றபோது பேரவை அமைச்சரவையை வீழ்த்தியது. அவர் பேரவையைக் கலைத்தார். அம்மாதம் 28-இல் மக்கள் நேர்வாக்கிற்கு இசைந்தனர். நவம்பரில் புதிய பேரவையையும் தாமே தேர்ந்தனர்.