யானைப்பாகன் மகனும் ஆங்கிலத் திரையும்

பழைய மைசூர் அரசின் இரண்டு எல்லைகளில் இரண்டு செல்வங்கள் இருந்தன. கிழக்கே, கோலார் மண்ணின் அடியில் பொன் இருந்தது. தென்மேற்கே, கபினி யாற்றங்கரைக் காடுகளில் யானை இருந்தது. பொன்னைத் தோண்டி மேலே கொணர்ந்தவர்களுள் பெரும்பாலோர் வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து குடியேறிய தமிழ் மக்கள். யானையைப் பிடித்துப் பழக்கியவர்கள் மாவுத்தர்களும் காட்டுக் குறும்பர்களும் ஆவர். இவ்விரு தொழில்களையும் ஒரே நதி இணைத்தது என்பது வியப்புக்குரியது. கபினி நீர் காவிரியில் கலந்து சிவசமுத்திரத்தில் வீழ்ந்தது. அங்கே பிறந்த மின்சாரம், 1902-ஆம் ஆண்டு முதல், ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டர் கம்பி வழியே சென்று தங்கவயல் சுரங்கங்களை இயக்கிற்று.

பொன் இலண்டனுக்குச் சென்ற வரலாற்றை, ஸ்கெலட்டன், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், உரிகம் முதலிய குடியிருப்புகளில் வாழும் நேயர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் கால்வைத்தது தொட்டு, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டது ஈறாக, அது அவர்கள் குடும்பங்களின் வரலாறே ஆகும். யானைக் காட்டிலிருந்து இலண்டனுக்குச் சென்ற ஒரு சிறுவனின் வரலாறோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆங்கிலத் திரைப்பட உலகில் முதன்முதலாக உலகப் புகழ் எய்திய இந்தியர் அவரே. அவர் பெயர் சாபு.

1924-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள், கபினிக் கரையிலுள்ள காராப்பூரில் சாபு பிறந்தார். தந்தையார் மைசூர் மன்னரின் யானைகளைக் காத்த மாவுத்தர். தாயாரை மழலைப் பருவத்திலேயே இழந்த சாபு, சில ஆண்டுகளில் தந்தையாரையும் இழந்தார். அதன்பின் அரண்மனை யானைக் கொட்டாரமே அவருக்குப் புகலிடமாயிற்று. பள்ளிப் பாடத்தை அறியுமுன் அங்குசத்தை அறிந்தார். யானையின் காதுக்குப் பின்னால் கால்விரலை ஊன்றி, பெரும் உடலைத் தன் எண்ணப்படி திருப்பும் வித்தை அவருக்கு மூச்சு விடுவதுபோல் இயல்பாக இருந்தது.

1935-ஆம் ஆண்டில் ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி என்னும் அமெரிக்கப் படப்பிடிப்பாளர் மைசூருக்கு வந்தார். வடதுருவப் பகுதியின் எஸ்கிமோ மக்களைப் பற்றி 1922-ஆம் ஆண்டில் ‘நானூக்’ என்ற புகழ்பெற்ற படத்தை எடுத்தவர் அவர். யானைகளின் நடனத்தைக் கண்டதாகக் கூறும் ஒரு பாகன் மகனைப் பற்றிக் கிப்ளிங் எழுதிய கதையைத் திரைக்குக் கொணரும் பொறுப்பை இலண்டன் படமுதலாளி அலெக்சாண்டர் கோர்டா அவரிடம் ஒப்படைத்திருந்தார். நாயகனாக நடிக்கத் தகுந்த சிறுவனைத் தேடியபோது, ஒளிப்பதிவாளர் ஆஸ்மண்ட் பொரடெய்ல் என்பவரின் கண்ணில் சாபு பட்டார். அப்போது அவருக்கு வயது பதினொன்று. ஆங்கிலம் பேசிப் பழகாத அச்சிறுவனே படத்தின் நாயகனானார்.

மைசூரில் பல மாதங்கள் படம் பிடித்தும் கதை நிறைவுறவில்லை. எஞ்சிய பகுதிகளை இங்கிலாந்தில் எடுத்து முடிப்பதென்று கோர்டா தீர்மானித்தார். சாபுவும் அவருடைய தமையனாரும் கப்பலேறினர். டெனம் படப்பிடிப்பு நிலையத்தில் கோர்டாவின் தம்பி சோல்டன் கோர்டா மீதிக் காட்சிகளை இயக்கினார். ‘யானைச் சிறுவன்’ என்ற அப்படம் 1937-ஆம் ஆண்டில் வெளிவந்து, அவ்வாண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் இயக்கத்திற்கான பரிசைப் பெற்றது. கோர்டா சாபுவை ஒப்பந்தத்தில் அமர்த்தி, இங்கிலாந்திலேயே பள்ளியிலும் சேர்த்தார்.

இங்கே பெயரைப் பற்றிய ஒரு செய்தியைக் கூறவேண்டும். சாபுவின் முழுப்பெயர் செலார் ஷேக் சாபு. ஆயினும் பல நூல்களில் அவர் ‘சாபு தஸ்தகீர்’ என்றே குறிக்கப்படுகிறார். தஸ்தகீர் என்பது உடன்சென்ற தமையனாரின் பெயர். அது தம்பியின் பெயரோடு ஒட்டிக்கொண்டு, பல பத்தாண்டுகள் பிழை என்றே அறியப்படாமல் நிலவிற்று. வேற்று நாட்டுக் குறிப்பேட்டில் ஒருவர் பெயர் எவ்வாறு பதிகிறதோ, அதுவே அவர் பெயராகிவிடும் போலும்! பிழைப்பு நாடி எல்லை கடந்தவர்கள் இதனை நன்கு உணர்வர். தங்கவயல் தொழிலாளர்கள் 1930-ஆம் ஆண்டில் வேலைநிறுத்தம் செய்தபோது, கைரேகை வாங்கி ஆட்களைப் பதிந்து வைக்கும் புதிய முறை அவர்களுடைய எதிர்ப்புக்கு ஒரு முக்கிய காரணமாயிருந்தது. தம்மைப் பிறர் எவ்வாறு குறித்து வைக்கிறார்கள் என்பது உழைப்பாளிக்குச் சிறு செய்தியன்று.

சாபுவைத் திரையுலகம் எவ்வாறு குறித்து வைத்தது? 1938-ஆம் ஆண்டில் ‘முரசு’ என்ற வண்ணப்படம் வந்தது. வடமேற்கு எல்லைப்புறத்தில் ஆங்கிலப் படைக்குத் துணைபுரியும் இளவரசனாகச் சாபு நடித்தார். எல்லைப்புற மலைகளுக்காகப் படக்குழுவினர் வேல்ஸ் நாட்டு மலைகளையும் பயன்படுத்திக்கொண்டனர். ஆங்கில ஆட்சியை மெச்சி, எதிர்த்தோரைக் கொடியவராகக் காட்டிய அப்படத்தை இந்திய மக்கள் பொறுக்கவில்லை. பம்பாயில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. படம் திரும்பப் பெறப்பட்டது. தாயகத்தார் வெறுத்த ஒரு படத்தில் தாயகத்தின் முகமாக நின்றவர் பதினான்கு வயதுச் சிறுவர் என்பதை நாம் மறக்கலாகாது. கதையை எழுதியவர் அவரல்லர். அதில் நடிப்பதா வேண்டாமா என்று தேரும் உரிமையும் அவருக்கில்லை.

அடுத்து வந்த ‘பாக்தாத் திருடன்’ அவர் புகழின் உச்சி. இங்கிலாந்தில் தொடங்கிய அப்படம், 1939-ஆம் ஆண்டில் போர் மூண்டதால், அமெரிக்காவில் முடிக்கப்பட்டு 1940-ஆம் ஆண்டில் வெளிவந்தது. புட்டியிலிருந்து வெளிப்பட்ட பூதத்தை அறிவினால் வெல்லும் அபு என்ற திருட்டுச் சிறுவனாகச் சாபு நடித்தார். ஒளிப்பதிவு, கலை, தந்திரக்காட்சி ஆகிய மூன்றுக்கும் அப்படம் ஆஸ்கார் பரிசு பெற்றது. இன்று அதனைக் காண்போர் கண்ணுக்குத் தந்திரக் காட்சிகள் பழமையாகத் தோன்றக்கூடும். சாபுவின் சிரிப்பும், ஓட்டமும், அச்சமின்மையும் பழமையாகவில்லை. 1942-ஆம் ஆண்டில் ‘காட்டுப் புத்தகம்’ வந்தது, சாபு மௌக்லியானார். அப்படத்தின் இசை, சாபு கதைகூறும் குரலோடு இசைத்தட்டாகவும் வெளிவந்தது. ஆங்கிலம் அறியாமல் கப்பலேறிய சிறுவரின் குரலில், ஆறேழு ஆண்டுகளுக்குள், ஆங்கிலக் குழந்தைகள் கதை கேட்டனர்.

இப்படங்களை ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ‘யானைச் சிறுவ’னில் மச்சுவா அப்பா என்னும் யானை வேட்டைத் தலைவராக நடித்தவர் ஓர் ஆங்கிலேயர். ‘முர’சில் எல்லைப்புற வில்லனாக வந்தவர் கனடா நாட்டவர். ‘காட்டுப் புத்தக’த்தில் மௌக்லியின் தாயாக நடித்தவர் அமெரிக்க மாது. 1947-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கறுப்பு நார்சிஸஸ்’ இமயமலைக் கன்னிமாடக் கதை. எனினும், பெரும்பாலும் இங்கிலாந்துப் படப்பிடிப்பு நிலையத்திற்குள்ளேயே எடுக்கப்பட்டது. அதில் இளவரசராகச் சாபு வருகிறார். அவர் மையல் கொள்ளும் மலைநாட்டுப் பெண்ணாக மேனிக்கு மைபூசி வருபவர் ஜீன் சிம்மன்ஸ் என்ற ஆங்கில நடிகை. முதிய அரசரும் ஆங்கிலேயரே, ஆயாவும் ஆங்கிலப் பெண்மணியே. வண்ணம் பூசிய முகங்களுக்கு நடுவே, பூசாத முகமாகச் சாபு நின்றார். இந்தியாவைப் பற்றிய கதைகள் பல இருந்தன. இந்தியருக்கு அவற்றில் இருந்த இடம் பெரும்பாலும் அவர் ஒருவருக்கான இடமே.

இடையில் போர்க்காலம் வந்தது. 1944-ஆம் ஆண்டில் சாபு அமெரிக்கக் குடிமகனானார். அந்நாட்டில் இந்தியர்களுக்குப் பொதுவாகக் குடியுரிமை வழங்கும் சட்டம் 1946-ஆம் ஆண்டில்தான் பிறந்தது. அவர் அமெரிக்க விமானப் படையில் சேர்ந்து, பசிபிக் போர்முனையில் குண்டுவீச்சு விமானத்தின் துப்பாக்கியாளராகப் பணியாற்றிச் சிறப்புப் பறத்தல் சிலுவை என்னும் விருதைப் பெற்றார். திரையில் வீரராக நடித்தோர் பலர். சாபுவோ வானத்தில் வீரராகவே இருந்தார்.

போருக்குப்பின் அவருடைய நிலை தாழ்ந்தது. வளர்ந்த ஆடவராகிவிட்ட சாபுவுக்கு என்ன வேடம் தருவதென்று படமுதலாளிகளுக்குத் தெரியவில்லை. மருத்துவராகவோ, ஆசிரியராகவோ, வணிகராகவோ ஓர் இந்தியரைக் காட்டவேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு எழவில்லை. காடும், தலைப்பாகையும், இடைத்துணியுமே மீண்டும் மீண்டும் வந்தன. இத்தாலியில் சில படங்களில் நடித்தார். இலண்டன் ஹாரிங்கே அரங்கின் சர்க்கசில் யானைகளோடு தோன்றினார். முன்னாள் நட்சத்திரம் சர்க்கசில் இறங்கிவிட்டார் என்று இரங்குவோர் உண்டு. யானையோடு நிற்பது அவருக்கு இறக்கமா என்று நாம் கேட்கலாம். படமுதலாளி தராததும், எனவே எவரும் பறிக்க இயலாததுமான உடைமை அவரிடம் ஒன்றிருந்தது. அது தந்தைவழி வந்த தொழில்.

சாபு ஓர் இந்தியப் படத்திலும் நடிக்கவில்லை என்பது அவர் வாழ்வின் பெருங்குறை. ‘மதர் இந்தியா’ படத்தில் பிர்ஜு வேடத்தை அவருக்கு அளிக்க மெஹபூப் கான் எண்ணியதுண்டு. அது கைகூடாமல், 1957-ஆம் ஆண்டில் வெளிவந்த படத்தில் சுனில் தத் அவ்வேடத்தை ஏற்றார். ஏற்றிருந்தால், காடும் யானையும் இன்றி, ஓர் உழவன் மகனாக, இந்திய மொழியில், இந்திய நடிகர்களிடையே சாபுவைக் கண்டிருப்போம். 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், கலிபோர்னியாவில், மாரடைப்பால் அவர் காலமானார். வயது முப்பத்தொன்பது. அவர் நடித்த கடைசிப் படம் மறு ஆண்டில் வெளிவந்தது.

அவர் பிறந்த மண்ணும் பின்னர் மாறிப்போயிற்று. காக்கனக்கோட்டைக் காட்டில் யானைகளை வளைத்துப் பிடிக்கும் கெட்டா 1971-ஆம் ஆண்டோடு நின்றது. 1974-ஆம் ஆண்டில் கட்டி முடிந்த கபினி அணையின் நீர்ப்பரப்பு, யானைகளைத் துரத்திவந்த நிலங்களை மூடிக்கொண்டது. கோலாரில் சுரங்கத்துக்குள் நீர் நிரம்பிற்று. காராப்பூரில் காட்டின்மேல் நீர் நிரம்பிற்று.

சாபுவின் வரலாற்றைச் சொல்வோர், அரண்மனைக் கொட்டாரத்து அநாதைக்கு அடித்த நல்லூழ் என்றே பெரும்பாலும் சொல்கின்றனர். வெள்ளையர் ஒருவர் கண்டார், சிறுவனை உயர்த்தினார் என்பது அக்கதையின் சாரம். இது முழு உண்மையாகாது. பொரடெய்ல் கண்டது வெறும் அழகிய முகத்தையன்று. தலைமுறை தலைமுறையாகக் காட்டிலும் கொட்டாரத்திலும் திரண்ட தொழிற்பயிற்சி ஒரு சிறுவனின் உடலில் குடிகொண்டிருந்ததைக் கண்டார். அச்சமின்றி யானைமேல் ஏறும் அச்சிறுவன் இல்லையேல் படமே இல்லை. அதுபோலவே, கம்பெனியின் மூலதனமும் பொறிகளும் எத்துணை பெரியனவாயினும், மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், பாறை வெடிக்கும் வெப்பத்தில், கல்லின் ஒலியைக் கேட்டே ஆபத்தை உணர்ந்த தொழிலாளியின் அறிவு இல்லையேல் பொன்னும் இல்லை. கண்டுபிடித்தவர் பெயரை வரலாறு முதலில் எழுதுகிறது. கண்டெடுக்கத் தகுந்த திறமையை உருவாக்கி வைத்திருந்தவர்களின் பெயரை நாம்தாம் எழுதவேண்டும்.

சாபுவுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். மகன் இசைத்துறை புகுந்தார். மகள் ஜாஸ்மின், திரைப்படங்களுக்காகக் குதிரைகளைப் பழக்கும் தொழிலை மேற்கொண்டார். காராப்பூர் மாவுத்தரின் பேத்தி, கடல்கடந்த நாட்டில், விலங்கோடு பேசும் பாட்டனாரின் தொழிலுக்கே திரும்பினார். ஊரும் மொழியும் பெயரும் மாறிய பின்னும் அக்குடும்பத்தில் மாறாமல் நின்றது அதுவே.